டயாலிசிஸ் சென்டர் நல்லா இருக்கான்னு எப்படி பாக்குறது

அப்பாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சு ஆறு வருஷம் ஆகுது, இது மூணாவது சென்டர். முதல் சென்டரை நாங்க எப்படி செலக்ட் பண்ணோம்னு சொன்னா சிரிப்பீங்க, வீட்டுக்குப் பக்கம், ஏசி சூப்பரா இருந்துச்சு, ஒவ்வொரு பெட்டுக்கும் எதுத்தாப்ல ஒரு டிவி, அவ்ளோதான். எட்டு மாசம் கழிச்சு தான் அங்க என்ன நடக்குதுன்னே புரிஞ்சுது. அமெரிக்காவுல மெடிகேர்ங்கிற அரசு காப்பீடு ஒவ்வொரு சென்டருக்கும் ஸ்டார் போட்டு வெப்சைட்ல வச்சிருக்கான், நம்ம ஊர்ல அப்படி எதுவும் கிடையாது, நாமளே தான் போய் பாக்கணும். அதனால புதுசா தேடுறவங்களுக்கு நான் கத்துக்கிட்டதை எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, நம்பர்லாம் உங்க கிட்னி டாக்டர் (நெஃப்ராலஜிஸ்ட்) கிட்ட ஒரு தடவை கேட்டுக்கோங்க.

சென்டர் பாக்கப் போறீங்கன்னா மேனேஜர் வரச்சொன்ன நேரத்துக்குப் போகாதீங்க. ஷிப்ட் மாறுற நேரத்துக்குப் போங்க. காலைல ஆறு ஆறரைக்கு மெஷின்ல ஏத்துனவங்களை பத்தரை பதினொண்ணு வாக்குல எறக்குவாங்க, அடுத்த ஷிப்ட் ஆளுங்க வெளிய காத்துட்டு இருப்பாங்க, அந்த முக்கா மணி நேரம் கண்ணாடி கதவு வழியா பாத்தாலே பாதி விஷயம் தெரிஞ்சிடும். ஏன்னா அப்ப தான் எல்லாருக்கும் அவசரம், அவசரத்துல தான் குறுக்கு வழி எல்லாம் வெளிய வரும்.

முதல்ல கையைப் பாருங்க. ஒரு பெட்ல ஊசி எடுத்த அதே கிளவுஸோட அடுத்த பெட்டுக்குப் போய் மெஷின் பட்டனை அமுக்குறாங்களா? எங்க முதல் சென்டர்ல ஒரு தம்பி, நல்ல பையன் தான், அதே கிளவுஸோட மூணு பெட் சுத்தி வந்துட்டு நடுவுல போன்கூட எடுத்துப் பேசுனான். அப்பாவுக்கு ஒண்ணும் ஆகல, ஆனா பக்கத்து பெட் அண்ணனுக்கு அந்த வருஷமே ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ் வந்துச்சு. அங்கதான் வந்துச்சுன்னு என்னால நிரூபிக்க முடியாது. ஆனா சி வைரஸ் டயாலிசிஸ் யூனிட்ல பரவுறதே கை, ஊசி மருந்து வழியா தான். ரத்தம் உறையாம இருக்க போடுற ஹெப்பரின் மருந்து பாட்டிலை ட்ரேல வச்சு பெட் பெட்டா தூக்கிட்டுப் போய் அங்கங்க உறிஞ்சுனா அது தப்பு, தனியா ஒரு சுத்தமான டேபிள்ல எடுத்துட்டு வரணும்.

அப்புறம் மெஷின். ஒருத்தரை எறக்கி பத்து நிமிஷத்துல அதே மெஷின்ல அடுத்தவரை ஏத்துறாங்கன்னா டிஸ்இன்ஃபெக்ஷன் முழுசா ஓடியிருக்க வாய்ப்பே இல்ல. பெட்ஷீட் மாத்துறாங்களா, பெட்டையும் மெஷின் மேல்பக்கத்தையும் மருந்து போட்டு துடைக்கிறாங்களான்னும் பாருங்க. ஹெபடைடிஸ் பி உள்ளவங்களுக்கு தனி ரூம் தனி மெஷின் கண்டிப்பா இருக்கணும், "அவரு கடைசி பெட்ல தாங்க இருக்காரு"ன்னு சொன்னா பத்தாது. உங்களைச் சேக்கும்போதே பி, சி, எச்ஐவி மூணுக்கும் டெஸ்ட் கேக்குற சென்டர் தான் நல்ல சென்டர், கேக்கலைன்னா மத்தவங்க கிட்டயும் கேட்டிருக்க மாட்டாங்க இல்ல? பி தடுப்பூசி போட்டாச்சான்னும் கேக்கணும், கிட்னி பேஷண்டுக்கு டபுள் டோஸ், மூணு நாலு தடவை போடணும்.

டயலைசரை, அதாவது ரத்தத்தை வடிகட்டுற ஃபில்டரை, திரும்ப யூஸ் பண்றாங்கன்னு தெரிஞ்சதும் நிறைய பேர் பதறுறாங்க. நம்ம நாட்டுல அது சகஜம், முறையா பண்ணா பெரிய தப்பில்ல. அப்பா டயலைசர்ல பேரு, முதல் தடவை போட்ட தேதி, எத்தனாவது தடவைன்னு மார்க்கர்ல எழுதியிருக்கும், ஏத்துறதுக்கு முன்னாடி டெக்னீஷியன் அதை அப்பா கிட்டயே காட்டி "உங்க பேரு தானே ஐயா, பாத்துக்கோங்க"ன்னு கேப்பான். அந்த ஒரு கேள்விக்காகவே நான் இந்த சென்டரை விட மாட்டேன். கழுவுன மருந்து உள்ள மிச்சம் இருக்கான்னு ஒரு பேப்பர் ஸ்ட்ரிப் வச்சு பாக்கணும், உள்ள தண்ணி பிடிக்கிற அளவு புதுசுல இருந்ததுல 80 சதவீதத்துக்குக் கீழ போயிட்டா தூக்கிப் போட்றணும். இதெல்லாம் எழுதுற நோட்டை காட்டச் சொல்லுங்க. காட்ட தயங்குனா யோசிங்க.

இப்ப தண்ணி. யாருமே கேக்காத விஷயம் இதுதான், எனக்கு ரொம்ப முக்கியமா படுறதும் இதுதான். மெஷின்ல நிமிஷத்துக்கு 500 மில்லி டயாலிசிஸ் தண்ணி ஓடுது, நாலு மணி நேரத்துக்கு 120 லிட்டர், அதுக்கும் ரத்தத்துக்கும் நடுவுல ஒரு மெல்லிசு சவ்வு மட்டும் தான். 1996ல பிரேசில்ல கருவாருங்கிற ஊர்ல ஒரு சென்டர், லாரியில வந்த தண்ணியை சரியா சுத்தம் பண்ணாம விட்டதுல பாசியோட விஷம் உள்ள போய் 50 பேருக்கு மேல செத்துப்போனாங்க. நம்ம ஊர்லயும் ஏப்ரல் மே வந்தா டேங்கர் லாரி தண்ணி தானே. அதனால ஆர்ஓ ரூமை காட்டச் சொல்லுங்க, தண்ணி எங்கருந்து வருதுன்னு கேளுங்க, குளோரின் டெஸ்ட் தினமும் ஷிப்டுக்கு முன்னாடி பாக்குறாங்களான்னு கேளுங்க. குளோரின் உள்ள போனா ரத்த சிவப்பணு உடைஞ்சு போகும். தண்ணியில கிருமி இருக்கான்னு மாசா மாசம் கல்ச்சர் அனுப்பணும், அந்த ரிப்போர்ட்ல ஒரு மில்லிக்கு கிருமி எண்ணிக்கை 100க்குக் கீழ இருக்கணும். நான் கேட்டப்ப ரெண்டாவது சென்டர்ல "அதெல்லாம் கம்பெனிக்காரன் பாத்துப்பான் சார்"னு சொன்னாங்க. மூணாவதுல ஒரு டெக்னீஷியன் சந்தோஷமா கூட்டிட்டுப் போய் கார்பன் டேங்க்லருந்து காட்டுனான், யாரும் கேக்கவே மாட்டேங்கிறாங்கண்ணேன்னு குறை வேற பட்டுக்கிட்டான்.

நேரம் இன்னொரு ஏமாத்து வேலை. நாலு மணி நேரம்னா மெஷின் ஓடுற நேரம் நாலு மணி, நீங்க பெட்ல படுத்திருக்கிற நேரம் இல்ல. கேஸ் ஷீட்ல நாலு மணின்னு எழுதிட்டு மூணேகால் மணி நேரத்துலயே எறக்குறது நடக்குது, பேஷண்டும் சீக்கிரம் விட்டா போதும்னு சந்தோஷப்படுவாங்க, எங்கப்பாவே அப்படித்தான். டயாலிசிஸ் பத்துதான்னு பாக்க யூஆர்ஆர்னு ஒரு கணக்கு இருக்கு. முன்னாடி யூரியா 120, பின்னாடி 40னா 80 குறைஞ்சிருக்கு, அதாவது 67 சதவீதம். 65க்குக் கீழ வரக்கூடாது. இதையே அளக்குற இன்னொரு கணக்கு கேடி பை வி (Kt/V), அது 1.2க்கு மேல இருக்கணும், அது வாரம் மூணு தடவை பண்றவங்களுக்கான கணக்கு, ரெண்டு தடவை மட்டும் போறவங்களுக்கு அந்த நம்பரை வச்சு மட்டும் திருப்திப்பட முடியாது. கடைசி ரத்தம் எடுக்கும்போது பம்ப் ஸ்பீடை 100க்கு குறைச்சு பதினஞ்சு செகண்ட் விட்டு எடுக்கணும், அப்படியே எடுத்தா ரிசல்ட் உண்மையைவிட அழகா வந்துடும். இந்த டெஸ்ட் மாசம் ஒரு தடவையாவது பண்றாங்களா, ரிப்போர்ட் காப்பி உங்க கைக்கு வருதா? ஹீமோகுளோபின் 10லருந்து 11.5க்குள்ள, பாஸ்பரஸ் 5.5க்குள்ள இருக்கான்னும் அதே ரிப்போர்ட்ல பாருங்க.

உடம்புலருந்து எவ்ளோ தண்ணி எடுக்குறாங்கங்கிறதும் கவனிங்க. உடம்பு எடையில கிலோவுக்கு மணிக்கு 13 மில்லிக்கு மேல போகாம இருந்தா நல்லது, அதாவது 60 கிலோ ஆளுக்கு நாலு மணி நேரத்துல சுமாரா 3 லிட்டர். அதுக்கு மேல இழுத்தா பிபி இறங்கும், கெண்டைக்கால் பிடிச்சு இழுக்கும், வீட்டுக்கு வந்து அன்னிக்கு பூரா படுத்தே கிடப்பாங்க. எடை சரியா பாத்தா தானே இது சரியா வரும்? ஒருநாள் அப்பா செருப்போட, கையில டிபன் பையோட எடை மெஷின்ல ஏறி நிக்கிறாரு, சிஸ்டர் அப்படியே எழுதிட்டாங்க, அன்னிக்கு ஒரு கிலோ கூட எடுத்து அவருக்கு கண்ணு இருட்டிடுச்சு. இப்ப இருக்கிற இடத்துல பையை வாங்கி வச்சுட்டு தான் ஏத்துவாங்க.

ஆளுங்க எண்ணிக்கை, ஒரு டெக்னீஷியனுக்கு மூணு நாலு பெட் வரைக்கும் ஓகே, ஆறு ஏழுன்னா அலாரம் அடிச்சுட்டே இருக்கும். டாக்டர் பேரு போர்டுல இருக்கும், ஆனா அவரு பெட்டுக்கு எப்ப வராருன்னு பேஷண்டு கிட்ட கேளுங்க. கரண்ட் போனா ஜெனரேட்டர் எத்தனை செகண்ட்ல வருதுன்னும் கேட்டுக்கலாம். ஆஸ்பத்திரி நடத்த அரசு குடுக்குற கிளினிக்கல் எஸ்டாப்ளிஷ்மெண்ட் சர்டிபிகேட் சுவத்துல மாட்டியிருக்கும், அதெல்லாம் ரெண்டு நிமிஷ வேலை.

உண்மையான தகவல் வேணும்னா எதுத்தாப்ல இருக்கிற டீக்கடைக்குப் போங்க. கூட வந்தவங்க எல்லாம் அங்க தான் நாலு மணி நேரத்தை ஓட்டுவாங்க. அவங்க கிட்ட "நல்லா பாக்குறாங்களா"ன்னு கேக்காதீங்க, பாக்குறாங்கன்னு தான் சொல்லுவாங்க. "டயாலிசிஸ் நடக்கும்போது யாருக்காவது குளிர் நடுக்கம் வருதா"ன்னு கேளுங்க. எப்பவோ ஒருத்தருக்குன்னா சரி, வாராவாரம் ரெண்டு பேருக்குன்னா தண்ணியிலயோ ட்யூப்லயோ கிருமி இருக்கு. எத்தனை பேருக்கு கையில ஃபிஸ்டுலா (ஊசி போட வசதியா ஆபரேஷன் பண்ணி ரத்தக்குழாயை இணைக்கிறது), எத்தனை பேருக்கு கழுத்துல ட்யூப்னு கேளுங்க. ஒரு வருஷம் கழிச்சும் பாதி பேர் ட்யூப்லயே இருந்தா அந்த டாக்டர் ஃபிஸ்டுலா போட அக்கறை எடுக்கலைன்னு நான் நினைச்சுக்குவேன். ட்யூப் மாட்டும்போது சிஸ்டருக்கும் பேஷண்டுக்கும் ரெண்டு பேருக்கும் மாஸ்க் இருக்கணும். முதலமைச்சர் காப்பீட்டு கார்டுல பண்றவங்க கிட்ட வெளிய ஊசி, ட்யூப் வாங்கிட்டு வரச் சொல்றாங்களான்னும் விசாரிங்க.

இன்னொன்னு, டிரான்ஸ்பிளான்ட் பத்தி அவங்களா பேச்சு எடுக்குறாங்களா, உறுப்பு தானத்துக்கான தமிழ்நாடு அரசு அமைப்பு டிரான்ஸ்டான்ல பதிஞ்சு வைக்கச் சொல்றாங்களா, வீட்லயே வயித்து வழியா பண்ற பை டயாலிசிஸ் உங்களுக்கு ஒத்துவருமான்னு சொல்றாங்களான்னு பாருங்க. 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல அந்த பையை வீட்டுக்கே கொண்டுவந்து குடுக்குறாங்க, எங்களுக்கு அதை டீக்கடையில ஒரு அக்கா சொல்லித்தான் தெரியும்.

மாத்துறதுன்னு முடிவு பண்ணிட்டா பழைய இடத்துல சண்டை போடாதீங்க, அங்கருந்து பேப்பர் வாங்கணும். கடைசி மூணு மாச ரத்த ரிப்போர்ட், வைரல் மார்க்கர் (பி, சி, எச்ஐவி) ரிப்போர்ட், ட்ரை வெயிட் (கூடுதல் தண்ணியெல்லாம் எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடை), ஹெப்பரின் எவ்ளோ, எந்த டயலைசர், பம்ப் ஸ்பீடு, ஊசி எங்க போடுறாங்கன்னு ஒரு டிரான்ஸ்பர் சம்மரி கேட்டு வாங்கிக்கோங்க. காப்பீட்டுல பண்றீங்கன்னா புது இடத்துல அப்ரூவல் வந்த பிறகு தான் பழைய ஸ்லாட்டை விடுங்க, நாங்க அவசரப்பட்டு விட்டுட்டு ஒரு டயாலிசிஸை காசு கட்டி பண்ண வேண்டியதா போச்சு.