நிரல் இலவசம்தான், பெயர்?

பினாங்கில் ஓடும் ரேபிட் பஸ் நேரத்தைக் காட்ட ஒரு சின்ன செயலி எழுதி, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் எல்லாருக்கும் திறந்துவிடப் போகிறீர்களா? நல்ல காரியம். ஆனால் அதற்கு, அந்த பஸ் சேவையின் பெயரான ‘ரேபிட் பினாங்கு’ என்றே பெயர் வைத்துவிடாதீர்கள். ‘பஸ் எப்போ: ரேபிட் பினாங்குப் பயணிகளுக்கு’ என்றால் பெரும்பாலும் வம்பில்லை. முன்னால் இருப்பது உங்கள் பெயர், பின்னால் வருவது வெறும் விளக்கம். லோகோவை மட்டும் தொடவே வேண்டாம். ‘இது நிறுவனத்தின் அதிகாரபூர்வ செயலி அல்ல’ என்பதை ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பின் முதல் வரியிலேயே போடுங்கள். அடியில் ஒளித்துவைத்தால் யார் படிக்கப் போகிறார்கள்?

யாரும் நிரலை எடுத்துப் பயன்படுத்தலாம் என்கிற திறமூல உரிமம்தானே, பெயரையும் எடுத்துக்கொள்ளலாமே என்பார்கள் சிலர். அப்படிப்பட்ட உரிமங்களில் ஒன்றான அப்பாச்சி 2.0-இன் 6-ஆம் பிரிவைப் பாருங்கள்: வணிகக்குறிக்கு, அதாவது பெயர், லோகோ போன்றவற்றுக்கு, அனுமதி தரவில்லை என்று தெளிவாகவே இருக்கிறது. கெய்ம் என்ற அரட்டை மென்பொருள்கூட, ஏஓஎல் நிறுவனத்தின் ‘எய்ம்’ அரட்டைச் சேவையின் பெயரோடு உரசியதால் 2007-இல் பிட்ஜின் ஆனது.

அப்புறம், பெயரை முடிவு செய்யும் முன் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகமான மைஐபிஓவின் தளத்தில் ஒரு தடவை தேடிவிடுங்கள். பேக்கேஜ் பெயரிலும் (மற்றவர்கள் உங்கள் நிரலைத் தங்கள் நிரலில் சேர்க்கப் பயன்படுத்தும் பெயர்) டொமைன் என்ற இணைய முகவரியிலும் இதே கவனம் வேண்டும். பேக்கேஜ் பெயரைப் பிறகு மாற்றினால், அதை நம்பி எழுதியவர்களின் நிரலும் சேர்ந்து உடையும்.