தகடூர் நாட்டில் நீரின் வழியே இரண்டு நாள்: ஒரு சிறு சுற்றுலாவை நடத்தும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரு மாவட்டங்களுக்கும் கடற்கரை கிடையாது. ஆயினும் பழமையான ஊர்கள், மலைச்சுனைகள், ஆற்றங்கரை, அணைக்கரை ஆகிய அனைத்தையும் இரண்டே நாளில் பார்த்துவிட முடிகிற நிலப்பகுதி இது. வெளியூரிலிருந்து வரும் உறவினர்களையோ, பள்ளி மாணவர்களையோ, நண்பர்கள் குழுவையோ தாமே முன்னின்று அழைத்துச் செல்ல விரும்புகிறவர்களுக்காக இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். இங்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஒகேனக்கல்லில் குளித்து, மீன் சாப்பிட்டு, மாலையிலேயே ஊர் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் பார்க்காமல் விட்டுச்செல்வது மிக அதிகம் என்பது என் உறுதியான எண்ணம்.

இது மழை குறைந்த, கடும்பாறை நிலம். இங்கே ஓர் ஊர் ஏன் இந்த இடத்தில் அமைந்தது, ஒரு கோட்டை ஏன் இந்தக் குன்றின் மேல் எழுந்தது, ஒரு கோயில் ஏன் இவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கேட்டால், பெரும்பாலும் பதில் அருகிலுள்ள ஆற்றிலோ ஏரியிலோ சுனையிலோ கிடைத்துவிடும். ஆகவே இடங்களை நீரோடு சேர்த்தே காட்டுங்கள். அப்படிக் காட்டினால், வழிநடத்துகிறவர் நீண்ட சொற்பொழிவு ஆற்ற வேண்டிய தேவையே இருக்காது.

காலத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் முதல் வேலை. தென்மேற்குப் பருவமழை வலுக்கும் ஆடி, ஆவணி மாதங்களில் கர்நாடக அணைகளிலிருந்து உபரிநீர் திறக்கப்பட்டால், காவிரியில் வெள்ளம் பெருகி, பரிசல் இயக்கவும் அருவியில் குளிக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதித்துவிடும். சித்திரை, வைகாசியில் பாறைகள் கொதிக்கும், சுனைகள் மெலிந்துவிடும். வடகிழக்குப் பருவமழையின் பிற்பகுதியிலும் அதற்குப் பின்னும் வரும் கார்த்திகை, மார்கழி, தை ஆகிய மூன்று மாதங்களே இந்தச் சுற்றுக்கு மிகப் பொருத்தமானவை, ஏனெனில் அப்போதுதான் தீர்த்தமலைச் சுனைகளில் நீர் நன்கு வழியும், ஆற்றிலும் வெள்ளம் தணிந்திருக்கும். புறப்படுவதற்கு முந்தைய நாள் காவிரியின் நீர்வரத்தை அளக்கும் பிலிகுண்டுலு அளவீட்டு நிலையத்தில் நொடிக்கு எத்தனை கன அடி நீர் வருகிறது என்பதைச் செய்தித்தாளிலோ தொலைக்காட்சியிலோ பார்த்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணிக்கையைப் பொறுத்தே பரிசல் பயணம் உண்டா இல்லையா என்பது முடிவாகும்.

தங்குவதற்குத் தருமபுரி நகரமே வசதி. பெங்களூருவிலிருந்து ரயிலில் வருகிறவர்கள் ஓசூர் வழியாகத் தருமபுரியிலேயே இறங்கலாம். சென்னையிலிருந்து வருகிறவர்களுக்கு மொரப்பூர் நிலையம் உதவும். கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் நிலையம் கிடையாது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒரு வேனில் அடங்கும் அளவுக்கு, பன்னிரண்டு பேருக்கு மேற்படாத குழுவாக இருந்தால் நல்லது. கோயில் மண்டபங்களில் அதற்கு மேற்பட்டவர்களை நிறுத்திப் பேசினால், பின்னால் நிற்பவர்களுக்குச் சிற்பமும் தெரியாது, பேச்சும் கேட்காது.

முதல் நாள்: தகடூரும் காவிரிக்கரையும்

சங்ககாலத் தகடூர்தான் இன்றைய தருமபுரி. அதியமான் நெடுமான் அஞ்சியின் தலைநகரான இதைச் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை முற்றுகையிட்டு வென்ற செய்தி பதிற்றுப்பத்தில் உள்ளது. அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்த நிகழ்ச்சி எல்லோருக்கும் தெரியும் என்பதால் அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம். அதைவிட, அவனுடைய முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்தனர் என்று புறநானூறு கூறுவதைச் சொல்லுங்கள். நீர் இல்லாமல் கரும்பு இல்லை என்பதால், அந்தக் குறிப்பு இந்தப் பயணத்துக்கு ஏற்ற தொடக்கமாக அமையும். தென்பெண்ணைக் கரையை அடுத்த ஜம்பையில் 1981-இல் கண்டுபிடிக்கப்பட்ட, தமிழி என்னும் பழந்தமிழ் எழுத்தில் உள்ள கல்வெட்டில் ‘ஸதியபுதோ’ என்ற அடைமொழியுடன் அதியன் நெடுமான் அஞ்சியின் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. அசோகரின் கல்வெட்டுகளில் சேர, சோழ, பாண்டியருடன் சேர்த்துச் சொல்லப்படும் சத்தியபுத்திரர் இந்த அதியர்தாம் என்பதை உறுதிப்படுத்தியது அந்தச் சிறிய கல்வெட்டே.

காலை ஏழு மணிக்குக் கோட்டைக் கோயிலில் தொடங்குங்கள். கல்யாண காமாட்சி உடனுறை மல்லிகார்சுனேசுவரர் கோயில் என்பது இதன் பெயர். ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் இப்பகுதியை ஆண்ட நுளம்பரின் கலைப்பாணியை இதன் தூண்களில் காணலாம். அம்மன் சன்னதி படிகள் ஏறிச் செல்லும் உயரத்தில் இருக்கிறது. அதன் அடித்தளத்தைச் சுற்றிலும் அளவில் மிகச் சிறிய இராமாயணச் சிற்பங்கள் உள்ளன. குழந்தைகளைத் தரையில் அமரச் செய்து, ஒவ்வொரு காட்சியாக அவர்களையே அடையாளம் சொல்லச் சொல்லுங்கள். அரை மணி நேரம் போவதே தெரியாது. மண்டபத்தில் அடிப்பாகம் தரையைத் தொடாத தொங்கும் தூண்களும் உண்டு. அவற்றின் அடியில் துணியையோ காகிதத்தையோ நுழைத்துப் பார்க்கும் பழக்கம் பலரிடம் இருக்கிறது. பல நூற்றாண்டுப் பழமையான கல்லுக்கு அந்த உரசல் வேண்டாம் என்று மென்மையாகத் தடுத்துவிடுங்கள், குனிந்து பார்த்தாலே இடைவெளி தெரியும்.

அங்கிருந்து சேலம் சாலையில் ஏறத்தாழ ஏழு கிலோமீட்டரில் அதியமான்கோட்டை. சென்னராயப் பெருமாள் கோயில் மண்டபத்தின் மேற்கூரையில் இராமாயண, மகாபாரதக் காட்சிகள் வண்ணத்தில் தீட்டப்பட்டிருக்கின்றன. கண்கள் இருட்டுக்குப் பழகும் வரை ஐந்து நிமிடம் பேசாமல் நிற்கச் சொல்லி, அதன் பிறகு விளக்குங்கள். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுப்பது ஓவியத்தைக் கெடுக்கும். அதே ஊரில் உள்ள காலபைரவர் கோயிலில் தேய்பிறை அஷ்டமி நாள்களில் சாம்பல் பூசணியில் விளக்கேற்றப் பெருங்கூட்டம் கூடும். அன்றைய நாளைத் தவிர்த்துத் திட்டமிட்டால் நெரிசலில் சிக்காமல் திரும்பலாம்.

பத்து மணிக்குத் தருமபுரி நகருக்குத் திரும்பி, தொல்லியல் துறையின் அகழ்வைப்பகத்தில் உள்ள, இறந்த வீரர்களின் நினைவாக நடப்பட்ட நடுகற்களைக் காட்டுங்கள். என்னைக் கேட்டால் இந்த மாவட்டத்தின் மிகப் பெரிய செல்வம் இவைதாம். வட்டெழுத்து என்னும் பழைய எழுத்தில் உள்ள வாசகங்கள் பலவும் ஒரே அமைப்பில் இருக்கும்: முதலில் அரசனின் ஆட்சியாண்டு, அடுத்து ஊர், அதன் பின் மாட்டு மந்தையைக் கவர்ந்தவர் அல்லது மீட்டவர், கடைசியாக அதில் இறந்துபட்டவனின் பெயர். சோழ, பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளில் நிலக்கொடையும் நெல் அளவும் நிறைந்திருக்க, இங்கே மட்டும் ஏன் இத்தனை மாட்டுச் சண்டைகள் என்று குழுவினரிடம் கேளுங்கள். மேய்ச்சல் நிலமும் குறைந்த நீரும் உள்ள நாட்டில் மந்தைதான் சொத்து என்ற விடைக்கு அவர்களே வந்து சேர்வார்கள். அருங்காட்சியகங்களுக்கு வார விடுமுறை உண்டு என்பதால், அது எந்த நாள் என்று கேட்டு, பயணத்தை வேறு நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

பதினொரு மணிக்குள் பென்னாகரம் சாலையைப் பிடித்துவிட்டால், மதிய உணவுக்கு ஒகேனக்கல்லில் இருக்கலாம். தருமபுரியிலிருந்து ஏறத்தாழ 46 கிலோமீட்டர். பென்னாகரத்துக்கு அப்பால் காட்டுக்குள் சாலை வளைந்து வளைந்து இறங்கும். சுதந்திரப் போராட்ட வரலாற்றில் ஈடுபாடு உள்ள குழுவாக இருந்தால், சற்றே சுற்றிப் பாப்பாரப்பட்டி வழியாகச் சென்று, 1925-இல் அங்கே காலமான சுப்பிரமணிய சிவாவின் நினைவிடத்தில் அரை மணி நேரம் நிற்கலாம்.

ஒகேனக்கல்லில் இறங்கியதும் முதலில் மீனை வாங்கிச் சமையல்காரப் பெண்களிடம் கொடுத்துவிடுங்கள். ஆற்றங்கரையில் விறகடுப்பு வைத்து, வாங்கிக் கொடுக்கும் மீனைக் குழம்பாகவும் வறுவலாகவும் சமைத்துத் தருவது அவர்களுடைய தொழில். கூலியை முதலிலேயே பேசி முடித்துவிட வேண்டும். சமையல் முடிவதற்குள் பரிசலுக்குப் போய்வரலாம். சீட்டு கொடுக்கும் இடத்தில் கட்டணத்தைச் செலுத்தி ரசீது பெற்றுக்கொள்ளுங்கள். வெளியே தரகர் அழைத்தால் போக வேண்டாம். ஒரு பரிசலில் நான்கைந்து பேர்தான் ஏறலாம், உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஒருவரும் ஏறக் கூடாது. வட்டமாக மூங்கிலால் முடைந்து, அடியில் நீர் புகாத விரிப்புப் போர்த்திய பரிசலில் எடையைச் சமமாகப் பகிர்ந்து அமர வேண்டும். நடுவில் எழுந்து நிற்பவரால் மற்ற எல்லோருக்கும் ஆபத்து. பரிசல் ஓட்டி சொல்வதை மறுக்காமல் கேட்பேன் என்று குழுவினர் ஒவ்வொருவரிடமும் கரையிலேயே வாக்குப் பெறுங்கள்.

பரிசல் பாறை இடுக்குக்குள் நுழையும்போது இருபுறச் சுவர்களையும் பார்க்கச் சொல்லுங்கள். கார்பனடைட் எனப்படும் அரிய அனற்பாறை இப்பகுதியில் காணப்படுகிறது. அதன் வயது ஏறத்தாழ 240 கோடி ஆண்டு என்று புவியியலாளர்கள் கணித்துள்ளனர். இங்கிருந்து கீழே செல்லும் காவிரிதான் 1934-இல் கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையை அடைகிறது. குளிப்பதற்கு மெயின் அருவியில் கம்பி கட்டிய பகுதியை விட்டு வேறெங்கும் இறங்க அனுமதிக்காதீர்கள். ஆற்றோரம் அமைதியாகத் தெரியும் மடுக்களில் ஆழமும் சுழலும் உண்டு, இந்த ஆற்றில் முதலைகளும் வாழ்கின்றன. ஆண்டுதோறும் இங்கே உயிரிழப்புகள் நேர்வது அலட்சியத்தால்தான் என்பதை மறைக்காமல் சொல்வது உங்கள் கடமை.

கரையில் அமர்ந்து சாப்பிடும்போது இன்னொன்றையும் சொல்லுங்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பல ஊர்களின் நிலத்தடி நீரில் பாறைகளிலிருந்து கரையும் ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைத் தொடர்ந்து குடித்தால் பற்களில் பழுப்புக் கறை படியும், முதிர்ந்த நிலையில் எலும்புகளும் விறைக்கும். அதற்குத் தீர்வாக இந்தக் காவிரி நீரையே சுத்திகரித்து ஊர்களுக்கு அனுப்பும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஜப்பான் பன்னாட்டுக் கூட்டுறவு முகமையின் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2013-இல் தொடங்கப்பட்டது. எதிரே ஓடும் நீர்தான் இரு மாவட்ட மக்களின் குடங்களை நிரப்புகிறது என்று அறிந்தவர்கள், தட்டையும் காகிதத்தையும் ஆற்றில் வீசத் தயங்குவார்கள். யானைகள் சாலையைக் கடக்கும் காடு என்பதால் பொழுது சாயும் முன் மேலேறிவிடுங்கள்.

இரண்டாம் நாள்: தீர்த்தமலை

விடியற்காலை ஐந்து மணிக்குப் புறப்பட வேண்டும். அரூர் வழியாகத் தீர்த்தமலை அடிவாரத்தை வெயில் ஏறும் முன் அடைவதே நோக்கம். ஏற்றம் செங்குத்தானது. நடக்கப் பழகியவர்கள் முக்கால் மணி நேரத்தில் ஏறிவிடுவார்கள், வயதானவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். முழங்கால் வலி உள்ளவர்களை வற்புறுத்தாதீர்கள், அடிவாரத்திலும் ஒரு கோயில் இருக்கிறது. குரங்குகள் பையைப் பறிக்கும் என்பதால் தின்பண்டங்களை வேனிலேயே விட்டுவிட்டுத் தண்ணீர்ப் புட்டியை மட்டும் எடுத்துச் செல்லலாம்.

தீர்த்தகிரீசுவரர் கோயிலை ஒட்டி இராம தீர்த்தம், குமார தீர்த்தம், கௌரி தீர்த்தம், அகத்திய தீர்த்தம், அக்னி தீர்த்தம் என ஐந்து முக்கியச் சுனைகள் உள்ளன. இராம தீர்த்தம் உயர்ந்த பாறை முகட்டிலிருந்து மெல்லிய தாரையாக விழுகிறது. இராவணனைக் கொன்ற பின் சிவபூசை செய்ய வந்த இராமர், கங்கை நீர் கொண்டுவரச் சென்ற அனுமன் தாமதித்ததால் அம்பு எய்து இந்த நீரை வரவழைத்தார் என்பது தலபுராணம். மழைநீர் மலைப்பாறையின் வெடிப்புகள் வழியே மெல்லக் கசிந்து இறங்கி, மேற்கொண்டு கீழே செல்ல இடமில்லாத அடுக்கில் பக்கவாட்டில் வெளியேறுவதால் மழை நின்று பல வாரங்கள் கடந்தும் சுனை வழிகிறது என்பது அறிவியல் விளக்கம். இரண்டையும் அடுத்தடுத்துச் சொல்லுங்கள். ஒன்றை வைத்து மற்றொன்றை மறுக்கத் தேவையில்லை, நம்பிக்கையோடு தலையில் நீர் ஏற்கும் பக்தர்கள் அருகில் நிற்பார்கள். சுனையில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் எதையும் பயன்படுத்த விடாதீர்கள். அருணகிரிநாதர் பாடிய திருப்புகழ்த் தலம் என்பதால், குழுவில் பாடத் தெரிந்தவர் இருந்தால் கோயிலாரிடம் அனுமதி கேட்டுப் பாடச் சொல்லலாம். மாசித் திருவிழாவின்போது கூட்டம் மிகுந்திருக்கும். அது தனியாகப் பார்க்க வேண்டிய விழா, சுற்றுலாவோடு கலக்க வேண்டாம்.

இறங்கி ஊத்தங்கரை நோக்கிச் செல்லும் வழியில், தென்பெண்ணைக் கரையில் அனுமன்தீர்த்தம் என்ற ஊர் வரும். அனுமன் தாமதமாகக் கொண்டுவந்த நீர் விழுந்த இடம் இதுவே என்பது மலைமேல் கேட்ட கதையின் தொடர்ச்சி. பதினைந்து நிமிடம் போதும். நந்திமலையில் தோன்றிக் கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கும் ஆற்றின் நடுப்பகுதி இது என்று வரைபடத்தை விரித்துக் காட்டுங்கள்.

ஊத்தங்கரையிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும்போது, தொகரப்பள்ளி அருகேயுள்ள மயிலாடும்பாறையைப் பற்றி வண்டியிலேயே பேசலாம். அங்கு அகழ்ந்தெடுத்த இரும்பின் காலம் பொது ஆண்டுக்கு முன் (பொ.ஆ.மு.) 2172 என்று கரிமப் பகுப்பாய்வில் தெரியவந்ததாக 2022-இல் தமிழ்நாடு அரசு அறிவித்தது. வழி தெரிந்த உள்ளூர்க்காரர் துணை இல்லாமல் குழுவைக் குன்றுக்கு அழைத்துச் செல்ல வேண்டாம்.

மாலையில் கிருஷ்ணகிரி அணை. 1950-களில் தென்பெண்ணையின் குறுக்கே கட்டப்பட்ட இந்த அணையின் கரையில் காற்று வாங்கி நடக்கலாம், பூங்காவில் குழந்தைகள் ஓடி விளையாடலாம். ஆனால் பெங்களூரு நகர்ப்புறக் கழிவுநீர் கலந்து வரும் ஆறு என்பதால் நீரில் இறங்காமல் இருப்பதே நல்லது. இந்தச் சீர்கேட்டை வருகிறவர்களிடம் மூடி மறைக்காதீர்கள். காலையில் பார்த்த சுனையும் மாலையில் பார்க்கும் நீர்த்தேக்கமும் ஒரே நிலத்தின் நீர்தான்.

மூன்றாம் நாள் காலையில் நேரம் இருந்தால் மட்டும் கிருஷ்ணகிரிக் கோட்டைக் குன்றில் ஏறுங்கள். பாராமகால் என்று அழைக்கப்பட்ட இப்பகுதி, 1792-ஆம் ஆண்டின் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியது. அலெக்சாண்டர் ரீடு அதன் நிர்வாகத்தை ஏற்க, பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரான தாமஸ் மன்றோ அவருக்கு உதவியாளராக இங்கே பணியாற்றினார். முற்றுகைக் காலத்தில் கோட்டைக்குள் இருந்தவர்கள் உயிர் பிழைத்தது மழைநீரைத் தேக்கி வைத்துக்கொண்டதால்தான் என்பதை மேலே நின்று விளக்கலாம். நிழல் இல்லாத ஏற்றம் என்பதால் ஆறரை மணிக்கே தொடங்கி, தலைக்கு ஒரு லிட்டர் தண்ணீராவது கொடுத்தனுப்பி, ஒன்பது மணிக்குள் எல்லோரையும் கீழே இறக்கிவிடுங்கள்.