கூரைக்கு ஏற முதல் ஹெட்செற்: சோலர் வேலை பழக்கும் ஒரு வழி

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் வீட்டுக் கூரைகளுக்குச் சோலர் பூட்டும் வேலைக்குப் பெடியளைப் பழக்குகிறேன். ஒரு தடவைக்கு ஐந்தாறு பேர். நான்கு வருடங்களுக்கு முன் ஒரு பெடியன் ஓட்டுக் கூரையில் நின்றபடி, ஓடிக்கொண்டிருந்த சிஸ்டத்தின் பனல் வயர்களை இணைக்கும் எம்.சி.4 கொனெக்டரை இழுத்துக் கழற்றினான். பளீரென்று ஒரு வெளிச்சம். இரண்டு விரல்கள் வெந்துபோயின. "ஓடேக்க கழட்டாதை" என்று வகுப்பில் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். காதால் கேட்டது கைக்குப் போய்ச் சேரவில்லை. அதற்குப் பிறகுதான் வீ.ஆர். பக்கம் போனேன், அதாவது கண்ணில் ஹெட்செற்றை மாட்டி, நிஜ இடத்திலேயே நிற்பதுபோலப் பார்த்துப் பழகும் முறை.

தொடங்கும்போது ஒரு வேலையை மட்டும் எடுங்கள். பிழை விட்டுப் பார்த்தால் மனதில் பதியும், ஆனால் நிஜத்தில் பிழை விட அனுமதிக்கவே முடியாது என்ற வேலையாக அது இருக்கட்டும். பனலைத் தாங்கும் றெயில் பூட்டுவது, குழாய் வளைப்பது, வயர் நுனி சீவுவது எல்லாம் கையில் பாரம் தெரிய வேண்டிய வேலைகள். ஹெட்செற்றின் கைப்பிடிக்கு அந்தப் பாரம் இல்லை. அவற்றைச் சாமானைக் கையில் கொடுத்தே பழக்குங்கள்.

நான் எடுத்தது சிஸ்டத்தை நிறுத்தும் ஒழுங்கு. பத்துப் பனல் தொடராக இருந்தால், பனலுக்கு ஏறத்தாழ 50 வோல்ற் என்று வைத்தாலும் 500 வோல்ற் டி.சி., அதாவது ஒரே திசையில் ஓடும் மின்சாரம், வருகிறது. எங்கள் வீட்டுக்கு வரும், திசை மாறி மாறி ஓடும் 50 ஹேர்ட்ஸ் ஏ.சி. மின்சாரம் ஒரு செக்கனுக்கு நூறு தடவை பூச்சியத்தைத் தொட்டுப் போவதால் அதில் எழும் பொறி அறுந்துவிடச் சந்தர்ப்பம் உண்டு. டி.சி.க்கு அந்த இடைவெளி இல்லை, நெருப்பு இழுபட்டு நிற்கும். ஆகவே முதலில் ஏ.சி. பிரேக்கர், அடுத்து பனல் பக்கத்தைத் துண்டிக்கும் டி.சி. ஐசொலேற்றர், பிறகு டி.சி.யை ஏ.சி. ஆக்கும் இன்வேர்ட்டரில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை சொல்லும் நேரம், பெரும்பாலும் ஐந்து நிமிடம், காத்திருப்பு. வயரைக் கவ்வி டி.சி. ஓட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீற்றரில் ஓட்டம் பூச்சியம் என்று கண்ட பிறகே கொனெக்டரில் கை. வெயில் இருக்கும்வரை பனலில் வோல்ற்றேஜ் இருக்கும் என்பதையும் பழகுபவன் மறக்கக் கூடாது.

இதைச் சுற்றிவர எல்லாப் பக்கமும் பிடிக்கும், இரண்டு வில்லை உள்ள 360 பாகைக் கமராவில் எடுத்தோம். கமராவை முக்காலியில் ஆளின் கண் உயரத்துக்கு, ஏறத்தாழ ஐந்தேகால் அடிக்கு நிறுத்துங்கள். எடுக்கும்போது அதை அசைக்கவே வேண்டாம். கண் நகர்வதாகச் சொல்லும், உள்காது இல்லை என்று சொல்லும். இந்த முரண்பாட்டில்தான் தலை சுற்றும், வயிறு பிரட்டும். எங்கள் முதல் வீடியோவை நான் நடந்துகொண்டே எடுத்தேன். "அண்ணை, சத்தி வருது" என்று இரண்டு பேர் ஹெட்செற்றைக் கழற்றிவிட்டார்கள். இன்னொன்று, இரண்டு வில்லைகளின் படங்கள் ஒட்டும் கோட்டில் முக்கியமான சாமான் எதுவும் கிட்ட இருக்கக் கூடாது, உடைந்து தெரியும். இன்வேர்ட்டரை ஒரு வில்லைக்கு நேரே விடுங்கள்.

வீடியோவின் இடையில் வரும் கேள்விகளை, வீ.ஆர். காட்சி செய்ய உதவும் ஏ-ஃபிரேம் என்ற மென்பொருளில் என் பெறாமகள் எழுதித் தந்தாள். அது இலவசம், ஹெட்செற்றின் பிரவுசரிலேயே ஓடும். ஒவ்வொரு படியிலும் வீடியோ நிற்கும், மூன்று தெரிவுகள் வரும், பிழையானதைத் தொட்டால் வெளிச்சமும் சத்தமும், திரும்ப முதலிலிருந்து. தமிழ் எழுத்தில்தான் இடறினோம். எழுத்துகள் பெட்டி பெட்டியாக வந்தன. வேறு எழுத்துரு போட்டுப் பார்த்தபோது கொம்பும் காலும் இடம் மாறி நின்றன. கடைசியில் ஒவ்வொரு வசனத்தையும் படமாகச் சேமித்து, படத்தையே உள்ளே வைத்தோம். நேரத்தை வீணாக்காமல் நீங்களும் அதையே செய்யுங்கள். வாசிப்பதைக் காட்டிலும் கேட்பது நல்லது, எங்கள் பேச்சுத் தமிழிலேயே குரல் பதியுங்கள். எங்கள் வீடியோவில் "பொறு, மீற்றரைப் பார்" என்று சொல்வது விரல் வெந்த அந்தப் பெடியன். தானாகக் கேட்டுப் பேசினான்.

ஐந்து நிமிடக் காத்திருப்பை நான் வெட்டவில்லை. சிலர் சலிக்கிறார்கள். சலிக்கட்டும். கூரையில் அந்தச் சலிப்பில்தான் கை முந்துகிறது.

ஆறு பேருக்கு ஒரு ஹெட்செற் போதும். மெற்றா குவெஸ்ற் 3எஸ் போன்ற ஒன்று தாராளம். ஒருவன் செய்வதைப் போனுக்குக் காஸ்ற் செய்து மற்றவர்களுக்குக் காட்டுங்கள், அவர்கள் பிழையைத் தாங்களே கண்டுபிடிப்பார்கள். பற்றரி இரண்டு மணித்தியாலமளவில் இறங்கிவிடும். ஆளுக்குப் பத்து நிமிடம், அப்புறம் ஓய்வு. முதல் நாள் எல்லோரையும் கதிரையில் இருத்துங்கள். நின்று செய்வதென்றால் இரண்டு மீற்றருக்கு இரண்டு மீற்றர் வெறும் நிலம் வேண்டும். அறையில் லைற் போடுங்கள், இருட்டில் ஹெட்செற்றின் கமராக்கள் இடத்தை அடையாளம் காணாது.

எங்கள் ஊர் வியர்வைக்குப் பஞ்சு முகப்பு சரிவராது, கழுவக்கூடிய சிலிக்கன் உறை வாங்குங்கள். வில்லையை உலர்ந்த மென்துணியால் மட்டும் துடைக்கவும், ஸ்பிரிற் வேண்டாம். மிக முக்கியம்: ஹெட்செற்றை வெயிலில் வைக்காதீர்கள். சூரிய ஒளி வில்லைக்குள்ளால் குவிந்து திரையைச் சுட்டுவிடும், அது திருத்த முடியாத காயம். யன்னல் ஓரத்தில் வைத்தாலும் இதே கதிதான். பாவித்து முடிந்த உடனே பெட்டிக்குள் போகட்டும்.

ஏ.ஆர்., அதாவது நிஜச் சாமானின் மேல் எழுத்தோ படமோ தெரியவைக்கும் முறை, இரண்டாம் நாளுக்கு. அந்தப் பெயரே வயர் வேலையோடு பிறந்தது: 1990களின் தொடக்கத்தில் போயிங்கில் விமான வயர்க் கட்டுகளைச் சேர்க்கும் தொழிலாளருக்காக ரொம் கோடெலும் டேவிட் மிசெலும் செய்த வேலையில்தான் அது புழக்கத்துக்கு வந்தது. எங்களுக்கு ஒரு போன் காணும். இன்வேர்ட்டருக்குப் பக்கத்தில் ஒரு படத்தை ஒட்டிவிட்டு, போனைக் காட்டினால் பிரேக்கர்களின் மேல் 1, 2, 3 என்று இலக்கம் தெரியும்படி வைத்திருக்கிறோம். இது நிலத்தில், சுவர் நிழலில் மட்டும். கூரை வெயிலில் திரை தெரியாது, அங்கே ஒரு கையில் போன் இருப்பதும் ஆபத்து. பார்த்து முடித்துப் போனைச் சட்டைப் பைக்குள் வைத்த பிறகே சுவிச்சைத் தொட விடுகிறேன்.

மூன்றாம் நாள் வளவுக்குள் இரண்டு பனலை நிலத்தில் சாய்த்து வைத்து, நிஜ ஐசொலேற்றர், நிஜ மீற்றர். ஒவ்வொரு படியையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு செய்ய வேண்டும். மூன்று தடவை பிழையில்லாமல் செய்தவன் ஏணியில் கால் வைக்கலாம். சோளகம் வீசும் மாதங்களில் என்றால் அதுவும் வெள்ளெனத்தான், காற்று எழும்ப முதல்.