புதிதாக கிளஸ்டர் கணக்கு வாங்கியவர்களுக்கு

பர்கூரிலோ தர்மபுரியிலோ படித்துவிட்டு, வெளியூர் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்து முதல்முறை கிளஸ்டர் (பல கணினிகளை ஒன்றாக இணைத்த அமைப்பு) கணக்கு கிடைத்திருக்கிறதா? சரி, இதைப் படித்துவிட்டு லாகின் செய்யுங்கள்.

தூரத்துக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் (ssh) வழியாக உள்ளே போனதும் நிற்கும் இடம் லாகின் நோட், எல்லோருக்கும் பொதுவான வாசல். நோட் (node) என்றால் கிளஸ்டரில் உள்ள ஒரு கணினி. ஃபைல் திருத்தலாம், காப்பி செய்யலாம். பெரிய புரோகிராமை அங்கேயே ஓட்டினால் மற்றவர்களுக்கும் இழுக்கும். அட்மினிடமிருந்து மெயிலும் வரும்.

கணக்கீடு நடப்பது கம்ப்யூட் நோட்களில். எத்தனை கோர் (புராசஸருக்குள் கணக்குப் போடும் பகுதி), எவ்வளவு மெமரி, எவ்வளவு நேரம், அப்புறம் ஓட்ட வேண்டிய கட்டளை என்று ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதுங்கள். வேலைகளை வரிசைப்படுத்தி ஓட்டும் ஸ்லர்ம் (Slurm) மென்பொருள் உள்ள இடத்தில் 'எஸ்பேட்ச்' (sbatch) கட்டளையோடு அந்த ஸ்கிரிப்டைக் கொடுத்தால் வேலை வரிசையில் சேரும். வரிசையைக் காட்டும் 'எஸ்க்யூ'வில் (squeue) 'பிடி' (PD) என்றால் காத்திருக்கிறது, 'ஆர்' (R) என்றால் ஓடுகிறது. இனி லேப்டாப்பை மூடிவிடலாம். தொப்பூர் கணவாயில் சிக்னல் போனாலும், பென்னாகரத்தில் கரண்ட் போனாலும் வேலை நிற்காது.

நேரம் கேட்பதில்தான் சூட்சுமம். பயந்துகொண்டு மூன்று நாள் கேட்காதீர்கள். சின்ன டேட்டாவில் ஓட்டிப் பார்த்து, முழு வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று கணித்து, கொஞ்சம் கூட்டிக் கேளுங்கள். பெரிய வேலைகளுக்கு இடையில் விழும் இடைவெளியில் குறைந்த நேர வேலைகளை ஸ்லர்ம் நுழைத்துவிடும். ரொம்பக் குறைத்தால் பாதியிலேயே நிறுத்தியும் விடும். 64 கோர் கேட்டதால் மட்டும் வேகம் வராது. புரோகிராம் பல கோர்களில் ஒரே நேரத்தில் இணையாக ஓடும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

ஸ்க்ராட்ச் எனும் தற்காலிகச் சேமிப்பு இடத்தில் பழைய ஃபைல்கள் பெரும்பாலும் தானாகவே அழிக்கப்படும். ரிசல்ட்டை அன்றைக்கே, ஃபைல்களை வேறு கணினிக்குக் காப்பி செய்யும் 'ஆர்சிங்க்' (rsync) கட்டளை போட்டு எடுத்துவிடுங்கள்.