பேக்கப் கோப்பில் இல்லாததுதான் காலை வாரும்

2023 டிசம்பர் வெள்ளம் வடிந்த பிறகு வண்ணார்பேட்டையில் ஒரு கடைக்குப் போனேன். கீழ்த்தளத்து ரேக்கில் இருந்த சிஸ்கோ ஸ்விட்ச்சுக்குள் (கடையின் கம்ப்யூட்டர், கேமராக்களை இணைக்கும் நெட்வொர்க் பெட்டி) சேறு. புது ஸ்விட்ச் கையில் இருக்கிறது, பழையதன் கான்ஃபிக் (அமைப்புக் கட்டளைகள்) பேக்கப் லேப்டாப்பில் இருக்கிறது என்ற தைரியத்தில் "அரை மணி நேரத்துல பில் போட்டுரலாம் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டேன். கிளம்பும்போது ராத்திரி பதினொன்று.

முதல் தவறு, முழுக் கோப்பையும் கன்சோல் கேபிள் (லேப்டாப்பை ஸ்விட்ச்சோடு நேரடியாக இணைப்பது) வழியாக ஒரே மூச்சில் பேஸ்ட் செய்தது. விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் ஸ்விட்ச் திணறி நடுநடுவே சில வரிகளை முழுங்கிவிடும். கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். போர்ட் பெயரையும் பாருங்கள்: பழையதில் ஃபாஸ்ட்ஈதர்நெட் 0/1 என்றிருந்தது புதியதில் கிகாபிட்ஈதர்நெட் 1/0/1 ஆகியிருந்தால் அந்த வரிகளை அது ஏற்காது.

அப்புறம், ரன்னிங் கான்ஃபிக்கில் (ஸ்விட்ச்சில் இப்போது ஓடிக்கொண்டிருப்பதில்) போடுவது என்றால் இருப்பதை அழித்துவிட்டு எழுதுவதல்ல, இருப்பதோடு சேர்ப்பதுதான். இது தெரிந்தும் ஏமாந்தேன். புதியதில் விலான் 1 இன்டர்ஃபேஸ் (விலான் என்பது ஸ்விட்ச்சுக்குள் பிரித்த தனி நெட்வொர்க், ஸ்விட்ச்சின் ஐபி அதன் இன்டர்ஃபேஸில் இருக்கும்) ஷட்டவுனில் கிடந்தது. பழையதில் திறந்திருந்தாலும் 'நோ ஷட்டவுன்' என்ற வரி பேக்கப்பில் வராது. ஐபி ஏறியது, பிங் (எட்டுகிறதா என்று பார்க்கும் சோதனை) வரவில்லை. ஒருவழியாகத் திறந்தால் எஸ்எஸ்ஹெச் (நெட்வொர்க் வழியாகப் பாதுகாப்பாக உள்ளே நுழையும் வழி) இல்லை. அதற்கான ஆர்எஸ்ஏ குறியாக்கச் சாவியும் கோப்பில் வராது, புதிதாகத்தான் உருவாக்க வேண்டும்.

இதெல்லாம் சில்லறை. இரண்டு மணி நேரத்தைத் தின்றது விலான்தான். பில்லிங் ஓடுகிறது, கேமரா ஒன்றுகூடத் தெரியவில்லை. கேமராக்கள் மாடியில், ரெக்கார்டர் பின்பக்கக் குடோனில். இரண்டுக்கும் நடுவே இந்த ஸ்விட்ச்சில் ட்ரங்க் (பல விலான்களை ஒரே கேபிளில் கடத்தும் இணைப்பு) மட்டும்தான். ட்ரங்க்கில் கேமராக்களின் விலான் 30 அனுமதிக்கப்பட்டிருக்கிறது, கேபிளும் சரி, மாடிக்கும் குடோனுக்கும் ஏறி இறங்கிக் கால் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் 'ஷோ விலான் பிரீஃப்' அடித்தால் 30 என்ற விலானே அங்கு இல்லை! விடிபி (விலான் பட்டியலை ஸ்விட்ச்சுகளுக்கிடையே பரப்பும் சிஸ்கோ ஏற்பாடு) சர்வர் முறையில், அதாவது பெட்டியைப் பிரித்ததும் இருக்கிற முறையில், விலான் பட்டியல் ஃப்ளாஷில் 'விலான்.டாட்' (vlan.dat) என்ற தனிக் கோப்பில் இருக்கும். டிரான்ஸ்பரன்ட் முறையில் வைத்திருந்தால்தான் கான்ஃபிக்கிலேயே வரும். என்னிடம் அந்தத் தனிக் கோப்பு இல்லை, ஒவ்வொன்றாகக் கையால் உருவாக்கினேன்.

வேறு இடத்தில் ஓடிய பழைய ஸ்விட்ச்சை மாற்றாகப் போடுகிறவர்களுக்கு இதே கோப்பு நேர்மாறாக வேலை காட்டும். கான்ஃபிக்கை அழித்தாலும் அது அழியாது. அதில் விடிபி ரிவிஷன் எண் (பட்டியல் மாறும்போதெல்லாம் ஏறும் எண்) உங்களுடையதைவிட அதிகமாக இருந்து, டொமைன் பெயரும் பாஸ்வேர்டும் ஒத்துப்போனால், செருகிய நிமிடமே மற்ற ஸ்விட்ச்சுகளின் விலான் பட்டியல் போய் இதன் பட்டியல் ஏறிவிடும். அந்தக் கோப்பையும் அழித்து, ரீலோட் செய்துவிட்டுச் செருகுங்கள்.

மறுநாள் காலை கரண்ட் போய் வந்ததும் போன். "தம்பி, மறுபடியும் பில் வரலியே." போட்டதைச் சேமிக்கும் 'ரைட் மெமரி' கட்டளையைப் போடாமல் கிளம்பியிருந்தேன்.