வேலை நேரம் போக ஓர் அனிமேஷன் குறும்படம்

இரவில் ஒன்றரை மணி நேரமே கிடைக்கும் ஒருவர், தம் முதல் படத்தை ஒரு நிமிடத்துக்குள் அடக்கிக்கொள்வதே நல்லது. திரையில் நொடிக்கு 24 சட்டகங்கள் (ஃபிரேம்கள்) ஓடுகின்றன. ஒவ்வோர் ஓவியத்தையும் இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்தி நொடிக்கு 12 ஓவியங்களாகக் குறைத்தாலும், நிமிடத்துக்கு 720 ஓவியங்கள் வேண்டும். நாளுக்கு எட்டு வரைந்தால் 90 நாள்கள் ஆகும். வண்ணம் பூசுவது தனி.

ஆகவே வரையத் தொடங்குமுன், காட்சிகளை வரிசையாகக் காட்டும் முன்வரைவுப் படங்களான ஸ்டோரிபோர்டை ஒலியோடு கோத்து ஓட்டிப் பார்த்து, தேவையற்ற காட்சிகளை அப்போதே நீக்கிவிட வேண்டும்.

சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியலில் கரை திரும்பும் விசைப்படகைக் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். கிழக்குக் கடல் என்பதால் ஒளி படகுக்குப் பின்னாலிருந்து வரும். படகைக் கருநிழலாகவே வரையலாம், அதுவே அழகும்கூட. அசையாத வானத்தின்மீது படகைத் தனி அடுக்காக வைத்து மெல்ல ஏற்றி இறக்கி, அலைக்கு ஆறேழு ஓவியங்களைத் திரும்பத் திரும்ப ஓட்டினாலே கடல் உயிர்பெறும். ஏலக் கூவலையும் எஞ்சின் ஒலியையும் நேரில் சென்று கைப்பேசியில் பதிவுசெய்யுங்கள்; அந்த ஓசையை எந்த ஆயத்த ஒலித்தொகுப்பும் தராது என்று உறுதியாக நம்புகிறேன். மைக்கில் காற்று மோதாதபடி மெல்லிய துணியைச் சுற்றிக்கொள்ளுங்கள்.

மென்பொருளுக்குச் செலவில்லை: கிரிட்டா, ஓப்பன்டூன்ஸ், பிளெண்டர் மூன்றும் இலவசம்.