அப்டேட் முடிஞ்சதும் ஸ்க்ரீன் பெருசாயிடுச்சா? முதல்ல ரெசல்யூஷனைத் தொடாதீங்க

வெள்ளிக்கிழமை ராத்திரி பத்தரை மணி இருக்கும், சிங்கப்பூர் உட்லண்ட்ஸ்லேர்ந்து அக்கா மகன் வாட்ஸ்அப்ல ஒரு ஃபோட்டோ அனுப்பினான். 24 இஞ்ச் மானிட்டர், அதுல ஐக்கான் ஒவ்வொண்ணும் இட்லி சைஸுக்கு உக்காந்திருக்கு, எழுத்து ஓரமெல்லாம் பிசிறு. கீழ, "மாமா, உபுண்டுல என்விடியா டிரைவர் அப்டேட் பண்ணேன், 1024க்கு 768-லயே நிக்குது, வேற ஆப்ஷனே காட்டல, திங்கக்கிழமை பாலிடெக்னிக்ல சப்மிஷன் வேற இருக்கு." நான் பதில் அடிக்கறதுக்குள்ள அடுத்த மெசேஜ். "நெட்ல பாத்து ஏழெட்டு கமாண்டு அடிச்சேன், இப்ப லாகின் பண்ணா ஒரே கறுப்பா இருக்கு."

உபுண்டு ஒரு லினக்ஸ் சிஸ்டம், டிரைவர்ங்கறது கிராஃபிக்ஸ் கார்டை ஓட்டற சாஃப்ட்வேர். முதல் மெசேஜோட நின்னிருந்தா பத்து நிமிஷ வேலை. அந்த ஏழெட்டு கமாண்டாலதான் சனிக்கிழமை காலைல எம்ஆர்டி ரயில் புடிச்சு நானே போக வேண்டியதாச்சு.

எல்லாரும் பண்ற பெரிய தப்பு இதுதான்: ரெசல்யூஷன் தப்பா இருக்குன்னதும் ரெசல்யூஷனை மாத்தப் பாக்கறது. அப்டேட்டுக்கு அப்புறம் 1024க்கு 768, இல்ல 800க்கு 600-ல மாட்டிக்கிச்சுன்னா பெரும்பாலும் ரெசல்யூஷன்ல கோளாறு இல்ல, கிராஃபிக்ஸ் டிரைவரே எழுந்திருக்கல. டிரைவர் வரலன்னா லினக்ஸ் உங்களை அப்படியே விட்டுடாது, பயாஸ் குடுத்த ஒரு சாதா ஃப்ரேம்பஃபரை (படத்தை வைக்கற மெமரி) வச்சு எப்படியோ படம் காட்டும், ஆனா அதுல ரெசல்யூஷன் மாத்த வழியே கிடையாது, அதனாலதான் செட்டிங்ஸ்ல ஒரே ஒரு ஆப்ஷன் நிக்குது. அங்க போய் கமாண்டு அடிச்சு 1920க்கு 1080 குடுன்னா அது எங்க போகும்?

அதனால மொதல்ல யாரு கார்டை ஓட்டறாங்கன்னு பாருங்க. டெர்மினல்ல எல்-எஸ்-பி-சி-ஐ அடிச்சு, ஒரு ஸ்பேஸ் விட்டு, ஹைஃபன் கே போட்டா நீளமா ஒரு லிஸ்ட் வரும், அதுல விஜிஏன்னு இருக்கற வரிக்குக் கீழ 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்'னு ஒண்ணு இருக்கும். அங்க என்விடியா, நூவோ (என்விடியா கார்டுக்கே லினக்ஸோட வர்ற இன்னொரு டிரைவர்), ஐ915, ஏஎம்டிஜிபியூ, இப்படி எதாவது பேர் இருந்தா டிரைவர் வேலைல இருக்கு. அந்த வரியே இல்லன்னா டிரைவர் இல்ல, அவ்வளவுதான். இன்னொரு அடையாளம், செட்டிங்ஸ்ல அபௌட் பக்கம் போனா கிராஃபிக்ஸ்-ங்கற இடத்துல கார்டு பேருக்குப் பதிலா 'எல்எல்விஎம்பைப்'னு போட்டிருக்கும், அப்படின்னா படம் முழுக்க சிபியூதான் வரைஞ்சுகிட்டு இருக்கு, ஃபேன் கத்தறதும் அதனாலதான்.

அக்கா வீட்ல தோசை வர்றதுக்குள்ள நான் பாத்தது இதைத்தான். அந்த வரி இல்ல. "டேய், அப்டேட் முடிஞ்சு ரீஸ்டார்ட் பண்ணப்ப நீலக் கலர்ல ஒரு ஸ்க்ரீன் வந்துச்சா?"ன்னு கேட்டேன். "வந்துச்சு மாமா, என்னமோ எர்ரர்னு நெனச்சு கண்டினியூ குடுத்துட்டேன்."

அங்கதான் எல்லாம் போச்சு. செக்யூர் பூட் (டிஜிட்டல் கையெழுத்தைப் பாத்துட்டுத்தான் உள்ள விடற பாதுகாப்பு) ஆன்ல இருக்கற மெஷின்ல, கையெழுத்து இல்லாத டிரைவரை கெர்னல், அதாவது லினக்ஸோட மையம், உள்ளேயே விடாது. உபுண்டு தானே கையெழுத்து போட்டுக் குடுக்கற டிரைவர்னா பிரச்சனை இல்ல, ஆனா இவன் புது வெர்ஷன் வேணும்னு வேற ரெப்போ (பாக்கேஜ் இறக்கற இடம்) சேத்து டிகேஎம்எஸ் வழியா போட்டிருக்கான், அதாவது டிரைவரை அவன் மெஷின்லயே பில்டு பண்ணி, அங்கேயே ஒரு சாவி உண்டாக்கி கையெழுத்து போடும். அந்த சாவியை நீங்க ஒருதடவை ஒத்துக்கணும், அதுக்குத்தான் இன்ஸ்டால் பண்றப்ப ஒரு பாஸ்வேர்டு கேக்கும், அடுத்த பூட்ல அந்த நீல ஸ்க்ரீன் வரும். பத்து செகண்டுதான் காத்திருக்கும், அதுக்குள்ள எதாவது கீயை அழுத்தி, 'என்ரோல் மோக்' (மோக்ங்கறது அந்த சாவிதான்) எடுத்து, அதே பாஸ்வேர்டை அடிக்கணும். நீங்க டீ எடுக்கப் போயிட்டா அது பாட்டுக்கு பூட் ஆயிடும், அடுத்த தடவை தானா வராது. திரும்ப வரவழைக்க மோக்யூட்டில் கமாண்டுல இம்போர்ட் குடுத்து, புதுசா ஒரு பாஸ்வேர்டு வச்சு, ரீஸ்டார்ட் பண்ணணும். செக்யூர் பூட்டையே ஆஃப் பண்ணிடுன்னு சொல்றவங்க இருக்காங்க, வேலை ஆகும்தான், ஆனா ஒரு நிமிஷ சோம்பேறித்தனத்துக்காக வாசக்கதவையே கழட்டி வைக்கற மாதிரி எனக்குப் படுது.

இதுக்குப் பக்கத்துலயே இன்னொண்ணு. கெர்னல் புதுசா வந்திருக்கும், அதுக்கு டிரைவர் பில்டு பண்ணத் தேவையான ஹெடர்ஸ் பாக்கேஜ் வந்திருக்காது, டிகேஎம்எஸ் பில்டு பண்ண முடியாம சத்தம் போடாம விட்டுடும். டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்னு அடிங்க, இப்ப ஓடற கெர்னல் நம்பருக்கு நேரா 'இன்ஸ்டால்டு'னு இல்லன்னா அதான் காரணம். இந்த நேரத்துல, தேவையில்லாத பாக்கேஜைத் தூக்கற ஆட்டோரிமூவ் மட்டும் அடிக்காதீங்க, பழைய கெர்னல் போயிடலாம். பூட் ஆரம்பத்துல வர்ற கிரப் மெனுல அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் போய் பழைய கெர்னல்ல பூட் பண்ணா ஸ்க்ரீன் சரியா வருதான்னு பாக்கறதுதான் இருக்கறதுலயே சுலபமான டெஸ்ட், அதை நாமளே அழிச்சுட்டா எப்படி?

சரி, அந்தக் கறுப்பு ஸ்க்ரீன் எங்கேர்ந்து வந்துச்சு? இது ஒரு சங்கிலி. மொதல்ல எக்ஸ்-ரேண்டர்ங்கற (xrandr) கமாண்டுல புது மோட், அதாவது புது ரெசல்யூஷன், சேக்கப் பாத்திருக்கான், ஒண்ணும் ஆகல. ஆகாது, ஏன்னா ஸ்க்ரீன்ல படம் காட்டற புது முறையான வேலேண்ட்ல அவன் இருந்தான், எக்ஸ்-ரேண்டர் பழைய முறையான எக்ஸார்க்குக்கானது (சுருக்கமா எக்ஸ்), வேலேண்ட்ல அது சும்மா ஒப்புக்கு பதில் சொல்லும், மோட் சேக்க விடாது. உடனே லாகின் ஸ்க்ரீன்ல பல்சக்கரத்தை அழுத்தி எக்ஸார்க் செஷனுக்கு மாறியிருக்கான். அங்கயும் வரல. அப்புறம் யாரோ என்விடியா-எக்ஸ்கான்ஃபிக் ஓட்டுன்னு எழுதினதைப் பாத்து அதையும் ஓட்டி, அது எக்ஸார்க்.கான்ஃப்னு ஒரு ஃபைலை எழுதி வச்சுடுச்சு, அதுல 'என்விடியா டிரைவரைத்தான் யூஸ் பண்ணணும்'னு கட்டளை. டிரைவரே லோடு ஆகலையே! எக்ஸ் எழுந்திருக்க முடியாம விழுந்துடுச்சு, கறுப்பு. கன்ட்ரோல் ஆல்ட் எஃப்3 அழுத்தி எழுத்து மட்டும் இருக்கற கன்சோலுக்குப் போய், ஈடிசி-க்குள்ள எக்ஸ்11 ஃபோல்டர்ல அந்த ஃபைலுக்கு பேரை மாத்தினேன் (அழிக்காதீங்க, பேரை மாத்துங்க), லாகின் வந்துடுச்சு. இப்ப உள்ள எக்ஸ் எல்லாத்தையும் தானே கண்டுபுடிக்கும், பெரும்பாலான வீட்டு மெஷினுக்கு அந்த ஃபைலே தேவையில்ல. ரெண்டு மூணு வருஷத்துக்கு முன்னாடி எதுக்கோ எழுதி வச்சு மறந்துபோன எக்ஸார்க்.கான்ஃப்கூட அப்டேட்டுக்கு அப்புறம் இதே மாதிரி கழுத்தறுக்கும்.

அது போதாதுன்னு கிரப்ல நோமோட்செட்ங்கற ஆப்ஷனும் போட்டிருந்தான். இதைப் பத்தி எனக்குக் கோவமே உண்டு, எங்க பாத்தாலும் இதைத்தான் மருந்துன்னு சொல்றாங்க. நோமோட்செட்ங்கறது பூட் ஆகாத மெஷினை ஒருதடவை உள்ள நுழைஞ்சு ரிப்பேர் பண்றதுக்கு மட்டும். அதை நிரந்தரமா விட்டா இன்டெல், ஏஎம்டி, நூவோ எதுவுமே முழுசா எழுந்திருக்காது, அதே 1024க்கு 768-லதான் கெடப்பீங்க. எடுத்துட்டு அப்டேட்-கிரப் ஓட்ட மறக்காதீங்க, ஃபைல்ல அழிச்சுட்டு அதை ஓட்டாம "எடுத்துட்டேனே, இன்னும் அப்படியே இருக்கே"ன்னு ஒரு மணி நேரம் முழிச்சவன் நானே.

என்விடியாவை மொத்தமா எடுத்துட்டு நூவோவுக்குத் திரும்பறவங்களுக்கு ஒரு பொறி இருக்கு. என்விடியா சைட்லேர்ந்து .ரன் ஃபைலை இறக்கி போட்டிருந்தா, அது நூவோவை பிளாக்லிஸ்ட் பண்ணி, அதாவது லோடு ஆகாம தடுத்து, மோட்ப்ரோப்.டி ஃபோல்டர்ல ஒரு சின்ன ஃபைல் வச்சிருக்கும், டிரைவர் போனாலும் அது அங்கேயே இருக்கலாம். இவரும் இல்ல, அவரும் இல்ல. அதை எடுத்துட்டு இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் (பூட் ஆரம்பத்துல லோடு ஆகற ஃபைல்) அப்டேட் பண்ணணும். .ரன் ஃபைலையும் டிஸ்ட்ரோ பாக்கேஜையும் ஒண்ணு மேல ஒண்ணா போடறதை எந்தக் காலத்துலயும் பண்ணாதீங்க.

கேரவுசல் மாதிரி பழைய சாமான் விக்கற ஆப்ல கார்டு வாங்கினவங்க ஒரு விஷயம் பாத்துக்கங்க: எல்லாக் கார்டுக்கும் எல்லா டிரைவரும் வராது. ஜிடிஎக்ஸ் 400, 500 காலத்து ஃபெர்மி கார்டுக்கு 390-தான் கடைசி டிரைவர் வரிசை, அதுக்கு அடுத்து வந்த கெப்ளர் கார்டுக்கு 470. புதுசுதானே நல்லதுன்னு மேல போட்டா கார்டை அது கண்டுக்கவே கண்டுக்காது.

டிரைவர் சரியா இருக்கு, ஆனாலும் ரெசல்யூஷன் வரல, அப்படின்னா மட்டும் கேபிள் பக்கம் போங்க. மானிட்டர் தான் என்னென்ன சைஸ் காட்டும்னு ஈடிஐடின்னு 128 பைட் துண்டுல கம்ப்யூட்டருக்குச் சொல்லுது, அது வராட்டி லினக்ஸ் பத்திரத்துக்கு சின்ன சைஸை எடுத்துக்கும். விஜிஏ கேபிள்னா 12, 15-ஆம் பின்தான் அதைக் கொண்டு வருது, மலிவு கேபிள்ல சிலதுல அந்தப் பின்னே இருக்காது. ஜூரோங் வெஸ்ட்ல ஒரு நண்பர், ஆபீஸ் லேப்டாப்புக்கும் வீட்டு மெஷினுக்கும் நடுவுல, ஒரே மானிட்டரை ரெண்டுக்கும் மாத்தி மாத்தி குடுக்கற கேவிஎம் ஸ்விட்ச் வச்சிருக்காரு, அப்டேட்டைத் திட்டிக்கிட்டே இருந்தாரு, ஸ்விட்சைக் கழட்டிட்டு நேரா மாட்டினதும் சரியாயிடுச்சு. அந்த ஸ்விட்சுதான் ஈடிஐடியை முழுங்கிகிட்டு இருந்திருக்கு. அப்புறம் சிம் லிம் எலக்ட்ரானிக்ஸ் மால்ல ஒரு நல்ல டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் வாங்கினாரு, 12 சிங்கப்பூர் வெள்ளியோ என்னமோ.

டிரைவர் நிலவரம் காட்டற என்விடியா-எஸ்எம்ஐ கமாண்டு அடிச்சா 'வெர்ஷன் மிஸ்மேட்ச்'னு வருதா? ஒண்ணும் பண்ணாதீங்க, ரீஸ்டார்ட் மட்டும் பண்ணுங்க. லைப்ரரி புதுசு, மெமரில ஓடற மாட்யூல் பழசு, அவ்வளவுதான்.

உட்லண்ட்ஸ்ல மூணாவது தோசைக்கு நீல ஸ்க்ரீன் வந்துச்சு, இந்தத் தடவை அவனையே கீயை அழுத்த வச்சேன். 1920க்கு 1080 பளிச்சுன்னு வந்து நின்னுச்சு. பின்னாடி நின்ன அக்கா கண்ணாடியைத் தூக்கிப் பாத்துட்டு, "என்னடா தம்பி, சரி பண்றேன்னு எழுத்தையெல்லாம் எறும்பாட்டம் ஆக்கிட்ட, நேத்து நல்லா பெருசா தெரிஞ்சுதே"ன்னாங்க. ரெசல்யூஷனை அப்படியே விட்டுட்டு ஸ்கேலிங்கை, அதாவது எழுத்து, ஐக்கான் அளவை மட்டும், 125 சதவீதம் ஆக்கிக் குடுத்தேன்.